கானாவின் உச்ச நீதிமன்றம்: எத்தனை நீதிபதிகள், யார் நியமிக்கிறார்கள், யார் நீக்க முடியும்?

கேள்வி இதுதான்: "கானா நாட்டு உச்ச நீதிமன்றத்தில் மொத்தம் எத்தனை நீதிபதிகள்? அவர்களை நியமிப்பது யார்? நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தையோ அதிபர் தேர்தலையோ அந்த நீதிமன்றம் ரத்து செய்ய முடியுமா? 2025இல் தலைமை நீதிபதியையே நீக்கிவிட்டார்களாமே, அது எப்படி நடந்தது?"

முதல் கேள்விக்கு ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு நகர முடியாது. கானாவின் 1992ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டம் அந்த எண்ணைச் சொல்லவே இல்லை. தலைமை நீதிபதி ஒருவர், அவரைத் தவிர ஒன்பதுக்குக் குறையாத நீதிபதிகள் என்று 128ஆம் பிரிவு கீழ் எல்லையை மட்டும் வகுத்திருக்கிறது. பத்துப் பேருக்குக் குறையக் கூடாது. மேலே எத்தனை பேர் வரை போகலாம் என்பதற்குத் தடையே இல்லை. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து வழக்குக் கேட்பதும் இல்லை. சாதாரண அமர்வுக்குக் குறைந்தது ஐந்து பேர் போதும். தன் தீர்ப்பைத் தானே மறுபடி பரிசீலிக்கும் சீராய்வு அமர்வுக்குக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். அரசியலமைப்பு தொடர்பான பெரிய வழக்குகளில் ஏழு, ஒன்பது, சில சமயம் பதினொன்று என்று அமர்வு விரியும். யார் யார் அமர்வது என்பதைத் தலைமை நீதிபதி முடிவு செய்கிறார்.

மேல் வரம்பு இல்லாத எண்ணிக்கையும், அமர்வைத் தேர்ந்தெடுக்கும் கையும் இந்த நீதிமன்றத்தின் இரண்டு பலவீனமான மூட்டுகள் என்பது என் எண்ணம். மற்றபடி காகிதத்தில் பார்த்தால் ஆப்பிரிக்காவிலேயே மிக வலிமையான நீதிமன்றங்களில் ஒன்று இது. பலவீனம் எங்கே வெளிப்பட்டது என்பதற்கு 2002ஆம் ஆண்டு வழக்கு ஒன்றே போதும்.

சாட்சு சிகாட்டா என்பவர் கானா தேசியப் பெட்ரோலியக் கழகத்தின் தலைவராக இருந்தவர். அதற்கு முன் சட்ட விரிவுரையாளர். ஆட்சி மாறி ஜான் குஃபூர் அதிபரானதும், அரசுக்கு நிதியிழப்பு ஏற்படுத்தினார் என்று அவர்மீது வழக்கு தொடுத்தார்கள். வழக்கை விசாரிக்க வந்தது 'விரைவு உயர் நீதிமன்றம்' என்ற புதிய ஏற்பாடு. அப்படி ஒரு நீதிமன்றம் அரசியலமைப்பில் எங்கே இருக்கிறது என்று சிகாட்டா உச்ச நீதிமன்றத்தில் கேட்டார். 2002 பிப்ரவரி 28 அன்று ஒன்பது பேர் அமர்வு ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அரசு சீராய்வு மனு போட்டது. இதற்கிடையே அதிபர் டிக்சன் குவாமே அஃப்ரே என்பவரைப் புதிய நீதிபதியாக நியமித்தார். சீராய்வைக் கேட்ட பதினொரு பேர் அமர்வில் அவரும் இருந்தார். ஜூன் 26 அன்று தீர்ப்பு வந்தது: ஆறுக்கு ஐந்து, அரசுக்குச் சாதகமாக. சட்டம் மாறவில்லை, வாதம் பெரிதாக மாறவில்லை, அமர்வின் அளவுதான் மாறியது.

இதில் அரசியலமைப்பை மீறிய செயல் எதுவும் இல்லை என்பதுதான் விசித்திரம். நியமனம் முறைப்படி நடந்தது. சீராய்வு அமர்வும் முறைப்படி அமைந்தது. அஃப்ரே திறமையான சட்ட அறிஞர் என்பதிலும் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனாலும் கானாவில் எந்த அதிபர் புதிய நீதிபதிகளை நியமித்தாலும் உடனே எதிர்க்கட்சி 'எந்த வழக்குக்காக?' என்று கேட்கும் பழக்கம் இன்றும் தொடர்கிறது. 2025இல் அதிபர் ஜான் மஹாமா மேல்முறையீட்டு நீதிமன்றத்திலிருந்து ஏழு பேரை உச்ச நீதிமன்றத்துக்கு உயர்த்தியபோதும் அதே கேள்விதான் எழுந்தது.

நீதிமன்ற அடுக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கீழே மாவட்ட நீதிமன்றங்கள், வட்ட நீதிமன்றங்கள். அவற்றுக்கு மேல் உயர் நீதிமன்றமும் வட்டாரத் தீர்ப்பாயங்களும். அதற்கு மேல் மேல்முறையீட்டு நீதிமன்றம். உச்சியில் உச்ச நீதிமன்றம். இறுதி மேல்முறையீடு இங்கேதான் முடியும். இதன் தீர்ப்பு மற்ற எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும்; தன்னுடைய பழைய தீர்ப்பிலிருந்து இது மட்டும் காரணம் காட்டி விலகலாம். கீழ் நீதிமன்றங்கள் தம் எல்லையைத் தாண்டினால் அவற்றைத் தடுக்கும் மேற்பார்வை அதிகாரமும் உண்டு. ஒரு கீழ் நீதிமன்றத்தில் வழக்கு நடக்கும்போது அரசியலமைப்பின் பொருள் பற்றிய கேள்வி எழுந்தால், அந்த நீதிமன்றம் வழக்கை நிறுத்திவிட்டு அந்தக் கேள்வியை மட்டும் மேலே அனுப்பி விடை வாங்க வேண்டும்.

வெளிநாட்டுச் செய்திகளில் வருவதெல்லாம் அரசியல் வழக்குகள்தான். உண்மையில் அன்றாடம் இந்த நீதிபதிகளின் மேசைக்கு வருபவற்றில் நிலத் தகராறுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரே நிலத்தை இரண்டு குடும்பங்கள் மூன்று பேருக்கு விற்ற கதைகள் தலைநகர் அக்ராவில் சாதாரணம். பாரம்பரியத் தலைவர் பதவி குறித்த வழக்குகளும் வரும். கானாவில் தென்பகுதித் தலைவர்களின் பதவிச் சின்னம் மரத்தால் செய்த பீடம்; வடக்கே விலங்குத் தோல். ஒரு தலைவர் இறந்தால் எந்தக் கிளைக் குடும்பத்துக்கு உரிமை என்ற சண்டை தலைமுறைக் கணக்கில் நடக்கும். இந்த வழக்குகளைத் தலைவர்களின் அவைகளே முதலில் விசாரிக்கின்றன. தேசியத் தலைவர்கள் அவையின் நீதிக் குழு தீர்ப்புச் சொன்ன பிறகு, அனுமதி பெற்று நேராக உச்ச நீதிமன்றத்துக்கு வரலாம். வழக்காற்றுச் சட்டமும் நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று அரசியலமைப்பின் 11ஆம் பிரிவு சொல்வதால், வெள்ளைப் பொய்முடி அணிந்த வழக்கறிஞர்கள் தாய்வழி வாரிசு முறை பற்றி மணிக்கணக்கில் வாதாடுவது அங்கே இயல்பான காட்சி.

சட்டத்தை ரத்து செய்ய முடியுமா என்ற கேள்விக்கு விடை, முடியும். அரசியலமைப்பின் 2ஆம் பிரிவுதான் இதற்கு வாசல். ஒரு சட்டமோ ஒரு செயலோ அரசியலமைப்புக்கு முரணானது என்று கருதும் எவரும் நேராக உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். தனக்குத் தனிப்பட்ட பாதிப்பு ஏற்பட்டது என்று காட்ட வேண்டியதில்லை. கீழ் நீதிமன்றத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏற வேண்டியதும் இல்லை. அரசியலமைப்பைப் பொருள் கொள்ளும் அதிகாரம் 130ஆம் பிரிவின்படி இந்த ஒரு நீதிமன்றத்துக்கே உரியது. தனி மனிதரின் அடிப்படை உரிமை மீறல் மட்டும் விலக்கு. அதற்கு முதலில் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். 2ஆம் பிரிவின்படி பிறப்பித்த உத்தரவுக்குக் கீழ்ப்படிய மறுப்பது பெருங்குற்றம். பத்தாண்டு வரை சிறை, அபராதம் கட்டித் தப்பிக்க வழியில்லை. மறுப்பவர் அதிபரானால் அதுவே அவரைப் பதவி நீக்கக் காரணமாகும்.

இந்த வாசல் வெறும் அலங்காரமல்ல என்பது முதல் ஆண்டிலேயே தெரிந்துவிட்டது. 1993இல் ஜெர்ரி ராலிங்ஸ் தேர்தலில் வென்ற அதிபர். ஆனால் அதற்கு முன் பதினொரு ஆண்டுகள் இராணுவ ஆட்சியாளர். அவர் ஆட்சியைப் பிடித்த 1981 டிசம்பர் 31ஐ அரசு விடுமுறையாக, பொதுப் பணத்தில் கொண்டாடும் வழக்கம் தொடர்ந்தது. மக்களாட்சியைக் கவிழ்த்த நாளை மக்களாட்சி கொண்டாடுவதா என்று எதிர்க்கட்சியான புதிய தேசபக்திக் கட்சி வழக்குப் போட்டது. 1993 டிசம்பர் இறுதியில், கொண்டாட்டத்துக்குச் சில நாட்களே இருக்கும்போது, ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அதிபர் மாளிகையில் இருந்தவர் அந்தப் புரட்சியை நடத்திய ராலிங்ஸ் என்பதை நினைவில் வைத்து அந்த ஐந்து கையெழுத்துகளைப் பார்க்க வேண்டும். அதே ஆண்டில்தான் ஊர்வலம் போகக் காவல்துறையிடம் முன் அனுமதி வாங்க வேண்டும் என்ற பழைய இராணுவ ஆணையையும் நீதிமன்றம் செல்லாது என்றது. அதன் விளைவாக வந்த 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஐந்து நாள் முன்னதாகத் தகவல் கொடுத்தால் போதும்.

அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று புரிய, நீதிமன்றம் பட்ட அடிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். கோல்ட் கோஸ்ட் என்று அந்த நாடு அழைக்கப்பட்ட காலத்தில், 1876ஆம் ஆண்டு ஆணையின்படி பிரிட்டிஷார் அங்கே உச்ச நீதிமன்றத்தை அமைத்தார்கள். இறுதி மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. 1957இல் சுதந்திரம், 1960இல் குடியரசு. குவாமே நிக்ரூமா முதல் அதிபர்.

1961இல் வந்தது அக்கோட்டோ வழக்கு. அசாந்தி மன்னரின் அவைப் பேச்சாளராக இருந்த பாஃபோர் ஒசெய் அக்கோட்டோவையும் வேறு சிலரையும் தடுப்புக் காவல் சட்டத்தில் பிடித்து அடைத்திருந்தார்கள். அதிபர் பதவியேற்கும்போது மக்களின் உரிமைகளைக் காப்பதாக அறிக்கை செய்கிறார், அது அரசியலமைப்பிலேயே எழுதியிருக்கிறது, பிறகு எப்படி விசாரணையின்றி அடைக்கலாம் என்று வழக்கறிஞர் ஜே.பி. டான்குவா வாதாடினார். அந்த அறிக்கை அதிபருக்கு ஒழுக்கக் கடமையைத் தருகிறதே தவிர, நீதிமன்றத்தில் கேட்டுப் பெறும் உரிமையை யாருக்கும் தரவில்லை என்று மூன்று நீதிபதிகளும் சொல்லிவிட்டார்கள். (பத்தாண்டுக்கு முன், இந்தியாவில் இதே பெயருள்ள சட்டத்தை எதிர்த்துச் சென்னைச் சிறையிலிருந்து ஏ.கே. கோபாலன் போட்ட வழக்கும் ஏறக்குறைய இப்படித்தான் முடிந்தது.) அன்று வாதாடித் தோற்ற டான்குவா பின்னர் அதே சட்டத்தில் சிறையில் அடைக்கப்பட்டு, 1965 பிப்ரவரியில் என்சாவாம் சிறையில் இறந்தார்.

அக்கோட்டோ தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி சர் ஆர்க்கு கோர்சாவுக்கும் நல்ல முடிவு காத்திருக்கவில்லை. 1962இல் குலுங்குகு என்ற ஊரில் நிக்ரூமா மீது குண்டு வீசப்பட்டது. அவருடைய சொந்தக் கட்சியின் மூன்று முக்கியப் புள்ளிகள்மீதே தேசத்துரோக வழக்குப் போட்டார்கள். கோர்சா, வான் லேர், எட்வர்ட் அக்குஃபோ-அட்டோ ஆகிய மூன்று நீதிபதிகள் 1963 டிசம்பரில் அந்த மூவரையும் போதிய சாட்சியம் இல்லை என்று விடுவித்தார்கள். உடனடியாகத் தலைமை நீதிபதி பதவியிலிருந்து கோர்சா நீக்கப்பட்டார். அந்தத் தீர்ப்பைச் செல்லாததாக்கச் சட்டமே இயற்றப்பட்டது. 1964இல் பொதுவாக்கெடுப்பு நடத்தி, போதிய காரணம் என்று தனக்குத் தோன்றினால் எந்த நீதிபதியையும் அதிபர் நீக்கலாம் என்று அரசியலமைப்பைத் திருத்தினார்கள். இன்றைய அரசியலமைப்பில் நீதிபதியை நீக்கும் பிரிவு இவ்வளவு சிக்கலாக இருப்பதற்கு இதுதான் காரணம். அன்று நீதிபதியாக இருந்த எட்வர்ட் அக்குஃபோ-அட்டோவின் மகன் நானா அக்குஃபோ-அட்டோ கீழே இன்னொரு வழக்கில் வருகிறார்.

1966இல் இராணுவம் நிக்ரூமாவைக் கவிழ்த்தது. உச்ச நீதிமன்றத்தையும் கலைத்தது. 1969இல் மக்களாட்சி திரும்பிப் பிரதமரான பேராசிரியர் புசியா, 568 அரசு ஊழியர்களை ஒரே மூச்சில் வேலைநீக்கம் செய்தார். அவர்களில் ஒருவர், அரசு வணிகக் கழகத்தில் மேலாளராக இருந்த இ.கே. சல்லா. வழக்குப் போட்டார். இராணுவப் புரட்சியோடு பழைய சட்ட ஒழுங்கு முழுவதும் அழிந்துவிட்டது, ஆகவே அவருடைய பதவியும் புரட்சி அரசு புதிதாக உருவாக்கியதே, அதை நாங்கள் முடித்துவைக்கலாம் என்று அரசுத் தரப்பு வாதிட்டது. இதற்கு ஆஸ்திரியச் சட்ட அறிஞர் ஹான்ஸ் கெல்சனின் கோட்பாட்டைத் துணைக்கு அழைத்தார்கள். வேலை போன ஒரு மேலாளரின் வழக்கில் வியன்னாவின் தத்துவத்தை இழுத்து வந்ததை நீதிபதிகள் ரசிக்கவில்லை. 1970 ஏப்ரலில் பெரும்பான்மைத் தீர்ப்பு சல்லாவுக்குச் சாதகமாக வந்தது. உடனே புசியா வானொலியில் பேசினார்: யாரையும் வேலைக்கு வைத்துக்கொள்ளும்படி எந்த நீதிமன்றமும் அரசைக் கட்டாயப்படுத்த முடியாது. 'எந்த நீதிமன்றமும்' என்ற அந்தச் சொற்களாலேயே அந்த உரை இன்றளவும் கானாவில் நினைவுகூரப்படுகிறது. இரண்டே ஆண்டுகளில் அவருடைய ஆட்சியும் கவிழ்ந்தது. வந்த இராணுவம் உச்ச நீதிமன்றத்தை மறுபடியும் கலைத்தது.

1979இல் மறுபடி உயிர்பெற்றது. அடுத்த ஆண்டே, பதவியில் இருந்த தலைமை நீதிபதி ஃபிரெட் அப்பாலூவைப் புதிதாக நியமிப்பதுபோல் நாடாளுமன்றத்தின் முன் நிறுத்தி, நாடாளுமன்றம் அவரை நிராகரித்தது. டுஃபூர் என்ற குடிமகன் வழக்குப் போட, புதிய அரசியலமைப்பு அமலுக்கு வந்த கணத்திலேயே அப்பாலூ தலைமை நீதிபதி ஆகிவிட்டார், மறுபடி பரீட்சை எழுத வேண்டியதில்லை என்று தீர்ப்பானது. அரசியலமைப்பு வளரக்கூடிய ஓர் உயிர் என்று அந்தத் தீர்ப்பு சொன்னதைக் கானாவின் சட்ட மாணவர்கள் இன்றும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். அப்பாலூ பின்னாளில் கென்யாவுக்கே தலைமை நீதிபதியாகப் போனார்.

அடுத்து நடந்தது கொலை. 1982 ஜூன் 30 இரவு, ஊரடங்கு நேரத்தில், ஃபிரெட் போக்கு சார்கோடி, சிசிலியா கொரான்டெங்-அட்டோ, குவாட்வோ அஜெய் அஜெபோங் என்ற மூன்று உயர் நீதிமன்ற நீதிபதிகளையும், ஓய்வுபெற்ற இராணுவ மேஜர் சாம் அக்குவாவையும் வீடுகளிலிருந்து தூக்கிச் சென்றார்கள். சிசிலியா கைக்குழந்தைக்குப் பாலூட்டிக்கொண்டிருந்த தாய். நால்வரும் அக்ரா சமவெளியில் இருக்கும் புண்டாசே இராணுவப் பயிற்சித் திடலில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். முந்தைய இராணுவ ஆட்சி சிறையில் அடைத்த சிலரை விடுவித்து அந்த நீதிபதிகள் தீர்ப்பளித்திருந்தார்கள். ராலிங்ஸின் ஆளும் கவுன்சிலில் உறுப்பினராக இருந்த ஒருவர் உட்படச் சிலருக்குப் பின்னர் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஆனால் உத்தரவு அதற்கும் மேலிருந்து வந்ததா என்ற சந்தேகம் தீரவில்லை. மூன்று நீதிபதிகளின் சிலைகள் இன்று அக்ராவில் உச்ச நீதிமன்றக் கட்டடத்தின் முன் நிற்கின்றன. ஆண்டுதோறும் அவர்களுக்கு நினைவு நாள் நடக்கிறது.

நியமனத்துக்கு வருவோம். பதினைந்து ஆண்டு வழக்கறிஞர் அனுபவம், உயர்ந்த ஒழுக்கம், நிரூபணமான நேர்மை ஆகியவை தகுதிகள். பெரும்பாலோர் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலிருந்து உயர்கிறார்கள்; பேராசிரியர்களும் வழக்கறிஞர்களும் நேரடியாக வந்ததுண்டு. நீதித்துறைக் கவுன்சில் பரிந்துரைக்க, அரசு ஆலோசனை அவையைக் கலந்துகொண்டு, நாடாளுமன்றத்தின் ஒப்புதலோடு அதிபர் நியமிக்கிறார். தலைமை நீதிபதிக்கு மட்டும் நீதித்துறைக் கவுன்சிலின் பரிந்துரை தேவையில்லை. அங்கே அதிபரின் கை சற்று நீளம். நீதித்துறைக் கவுன்சிலின் சேர்க்கை எனக்குப் பிடித்த விஷயம்: நீதிபதிகள், வழக்கறிஞர் சங்கத்தினர், அட்டர்னி ஜெனரல் ஆகியோரோடு, சட்டத் தீர்ப்புத் தொகுப்பின் ஆசிரியர், நீதிமன்ற ஊழியர் சங்கப் பிரதிநிதி, ஒரு பாரம்பரியத் தலைவர், சட்டம் படிக்காத நால்வர் என்று எல்லோரும் உட்காருகிறார்கள். வேட்பாளரை நாடாளுமன்றக் குழு பொதுவில் கேள்வி கேட்கும். தொலைக்காட்சியில் நாடே பார்க்கும். ஓய்வு வயது 70. அறுபதிலேயே விரும்பி ஓய்வு பெறலாம். பதவிக் காலத்தில் சம்பளத்தையோ சலுகைகளையோ குறைக்க முடியாது.

பெண்கள் விஷயத்தில் கானா பல பழைய நீதிமன்றங்களை முந்திவிட்டது. 1991இல் ஜாய்ஸ் பாம்ஃபோர்ட்-அட்டோ உச்ச நீதிமன்றத்துக்கு வந்தார். பின்னர் நாடாளுமன்ற சபாநாயகராகவும் ஆனார். 2007இல் ஜார்ஜினா வுட் முதல் பெண் தலைமை நீதிபதி. அவருக்குப் பின் சோஃபியா அக்குஃபோ, 2023இல் கெர்ட்ரூட் டோர்கோர்னூ என்று இதுவரை மூன்று பெண்கள் அந்த நாற்காலியில் அமர்ந்திருக்கிறார்கள்.

அதிபர் தேர்தலை ரத்து செய்ய முடியுமா? முடியும், இதுவரை செய்ததில்லை. முடிவு அறிவித்த 21 நாட்களுக்குள் எந்தக் குடிமகனும் மனுப் போடலாம், அதைக் கேட்கும் ஒரே நீதிமன்றம் இதுதான். 2012 தேர்தலில் ஜான் மஹாமா 50.70 சதவீத வாக்குகளோடு முதல் சுற்றிலேயே வென்றதாக அறிவிக்கப்பட்டது. தோற்ற நானா அக்குஃபோ-அட்டோ வழக்குப் போட்டார். வில்லியம் அட்டுகுபா தலைமையில் ஒன்பது நீதிபதிகள் எட்டு மாதம் அதைக் கையில் வைத்திருந்தார்கள். விசாரணை தொலைக்காட்சியில் நேரலையாக ஓடியது. சண்டை முழுவதும் 'பிங்க் ஷீட்' எனப்படும் இளஞ்சிவப்புத் தாளைச் சுற்றி: ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் எண்ணிக்கையை எழுதி அதிகாரி கையெழுத்திடும் படிவம் அது. கையெழுத்து இல்லை, வாக்காளரைவிட வாக்கு அதிகம், கைரேகை சரிபார்க்காமல் வாக்களிப்பு என்று பத்தாயிரத்துக்கு மேற்பட்ட சாவடிகளின் தாள்களைக் கொண்டுவந்து குவித்தார்கள். எத்தனை தாள் என்பதிலேயே தகராறு வந்து, எண்ணிச் சொல்ல ஒரு தணிக்கை நிறுவனத்தை நீதிமன்றம் நியமித்தது.

சாட்சிக் கூண்டில் அக்குஃபோ-அட்டோவின் துணை அதிபர் வேட்பாளர் மஹமுது பவுமியா நாள்கணக்கில் நின்றார். எதிரே குறுக்கு விசாரணை செய்த வழக்கறிஞர்களில் ஒருவர், மேலே பார்த்த அதே சாட்சு சிகாட்டா. சாவடியில் என்ன நடந்தது என்று கேட்கும்போதெல்லாம், நீங்களும் நானும் அங்கே இல்லை, தாளில் இருப்பதைத்தான் சொல்ல முடியும் என்று பவுமியா பதில் சொன்னார். அது நாடு முழுவதும் வேடிக்கைத் தொடராகப் பரவியது. நீதிமன்றத்தைப் பற்றி எல்லை மீறி எழுதிய ஒரு பத்திரிகை ஆசிரியர் அவமதிப்புக்காகப் பத்து நாள் சிறை சென்றார். 2013 ஆகஸ்ட் 29 அன்று மனு தள்ளுபடியானது. தீர்ப்பு தவறு என்று தான் கருதினாலும் ஏற்பதாக அக்குஃபோ-அட்டோ அன்றே அறிவித்து, மஹாமாவைத் தொலைபேசியில் வாழ்த்தினார்.

2020 தேர்தலில் கட்டம் புரண்டது. வென்றவர் அக்குஃபோ-அட்டோ, மனுப் போட்டவர் மஹாமா, அவருக்கு வாதாடியவர் சிகாட்டா. இம்முறை ஏழு நீதிபதிகள். தேர்தல் ஆணையத் தலைவரைக் கூண்டேற்றக் கட்டாயப்படுத்த முடியாது என்று சொல்லி, 2021 மார்ச் 4 அன்று ஒருமனதாகத் தள்ளுபடி செய்தார்கள். ஒவ்வொரு இடைக்கால மனுவிலும் ஒருமனதாகவே முடிவு வந்ததால், கால்பந்துக் குழுவுக்குப் பெயர் வைப்பதுபோல 'யுனானிமஸ் எஃப்.சி.' என்று கானா மக்கள் நீதிமன்றத்துக்குப் பட்டம் சூட்டினார்கள். 2013இல் நீண்ட மாறுபட்ட தீர்ப்புகள் வந்தன. மனுதாரர் தோற்றாலும் தன் வாதம் யாரோ சிலரின் காதில் ஏறியது என்ற ஆறுதல் இருந்தது. 2021இல் அது இல்லை. என் பார்வையில் நம்பிக்கை தேயத் தொடங்கிய இடம் அதுதான்.

பிறகு நாடாளுமன்றத்தோடு உரசல்கள் வந்தன. தலைமை தாங்கும் துணை சபாநாயகரும் வாக்களிக்கலாம் என்று 2022 மார்ச்சில் ஒருமனதான தீர்ப்பு வந்தது. இரு கட்சிகளும் சம பலத்தில் இருந்த சபையில் அது ஆளும் கட்சிக்கு உதவியது. 2024 அக்டோபரில், கட்சியை விட்டுச் சுயேச்சையாகவோ, சுயேச்சை நிலையை விட்டுக் கட்சி சார்பிலோ போட்டியிட மனுத் தாக்கல் செய்த நான்கு உறுப்பினர்களின் இடங்கள் காலியானதாக சபாநாயகர் அல்பன் பாக்பின் அறிவித்தார். மறுநாளே நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. நவம்பர் 12 அன்று ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில் ரத்து செய்தது.

இனி கடைசிக் கேள்வி. நீதிபதியை நீக்குவதற்கான 146ஆம் பிரிவு கூறும் காரணங்கள் தவறான நடத்தை, திறமையின்மை, உடல் அல்லது மன நலக்குறைவு ஆகியவை மட்டுமே. தலைமை நீதிபதிக்கு எதிரான மனு அதிபரிடம் போகும். அரசு ஆலோசனை அவையைக் கலந்து அதிபர் ஐந்து பேர் குழு அமைக்க வேண்டும்: இரண்டு உச்ச நீதிமன்ற நீதிபதிகள், மற்ற மூவர் வழக்கறிஞராகவோ நாடாளுமன்ற உறுப்பினராகவோ இருக்கக் கூடாது. விசாரணை மூடிய அறையில். குழு சொல்வதை அதிபர் அப்படியே நிறைவேற்ற வேண்டும். கூட்டவும் குறைக்கவும் முடியாது. இதில் ஒரு வடிகட்டியை நீதிமன்றமே பின்னர் சேர்த்தது: மனுவில் முகாந்திரம் இருக்கிறதா என்று முதலில் பார்த்த பிறகே குழு அமைக்கலாம் என்று அஜெய்-டும் வழக்கில் தீர்ப்பானது.

2024 தேர்தலில் வென்று மஹாமா மறுபடி அதிபரானார். டோர்கோர்னூ மீது மூன்று மனுக்கள் வந்தன. முகாந்திரம் உண்டு என்று சொல்லி 2025 ஏப்ரல் 22 அன்று அவரை இடைநீக்கம் செய்தார்கள். நீதிபதி கேப்ரியல் ஸ்காட் பவாமாங் தலைமையிலான குழுவில் ஒரு முன்னாள் தலைமைத் தணிக்கையாளர், ஓர் இராணுவ மேஜர், ஒரு பேராசிரியர் இருந்தார்கள். சொந்தப் பயணங்களுக்கு அரசுப் பணத்தைச் செலவிட்டது உள்ளிட்ட குற்றச்சாட்டுகளை டோர்கோர்னூ மறுத்தார். விசாரணையைப் பொதுவில் நடத்தவும் கேட்டார், கிடைக்கவில்லை. இடையில் தடை கேட்டு வந்த மனு ஒன்றை மே மாதம் ஐந்து பேர் அமர்வு மூன்றுக்கு இரண்டு என்று நிராகரித்தது. முதல் மனுவின் மீதான குழு அறிக்கையின்படி செப்டம்பர் 1 அன்று அவர் நீக்கப்பட்டார். 1992 அரசியலமைப்பின்கீழ் இப்படி நீக்கப்பட்ட முதல் தலைமை நீதிபதி அவர்தான்.

இது கோர்சாவை நிக்ரூமா நீக்கியதுபோல் அல்ல. எழுதிய நடைமுறையின் ஒவ்வொரு படியும் பின்பற்றப்பட்டது. ஐவர் குழு சாட்சிகளைக் கேட்டது. ஆனாலும் ஆட்சி மாறிய சில மாதங்களில், முந்தைய அதிபர் நியமித்தவர்மீது மூன்று மனுக்கள் சேர்ந்து வந்ததும், விசாரணை மூடிய அறையில் நடந்ததும் சேர்ந்து, பாதி நாட்டை நம்பவைக்க முடியாமல் செய்துவிட்டன. மூடிய அறை என்ற விதி, பொய்ப் புகாரால் நீதிபதியின் பெயர் கெடாமல் இருக்க எழுதப்பட்டது. சம்பந்தப்பட்ட நீதிபதியே திறந்து வையுங்கள் என்று கேட்கும்போது திறக்க வழி செய்திருக்கலாம்.

பதவி காலியானால் மூத்த நீதிபதி பொறுப்பேற்க வேண்டும் என்ற விதிப்படி, இடைநீக்கத்தின்போது பொறுப்பு வகித்தவர் பால் பாஃபோ-பானி. 2013இல் தேர்தல் மனுவைக் கேட்ட ஒன்பது பேரில் அவரும் ஒருவர். மஹாமா அவரையே முன்மொழிந்தார். நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டு, 2025 நவம்பரில் அவர் முழுப் பொறுப்போடு தலைமை நீதிபதியாகப் பதவியேற்றார்.